எட்ட நின்று பார்க்கிற முறை

மாங்காய்க்குப் பேர்போன முதலமடை மண்டித் தெருவில் பூபதிராஜாவின் கண்ணுக்குத் தனி மரியாதை உண்டு. மண்டி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கொல்லங்கோட்டு ரோட்டில் வளைவு திரும்புகிற லாரியின் நம்பரைப் படித்துச் சொல்லுவார். தென்மலைச் சரிவில் மேய்கிற ஆடுகளில் எது நொண்டுகிறது என்று சொல்லுவார். மாங்காய் விஷயத்தில் அவர் சொன்னதுதான் தரம். தோப்புக்காரர்கள் கொண்டுவந்து கொட்டுகிற குவியலைப் பார்த்து, இது முதல் தரம், அது இரண்டாம் தரம், அந்த ஓரத்தில் இருப்பதைக் கழித்துவிடு என்று அவர் கையைக் காட்டினால் மறுபேச்சு இல்லை. "கண்ணா அது, தராசு" என்பார்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்தைந்து வயது தாண்டியதும், உலகத்தில் எல்லாரும் கூடிப் பேசி எழுத்தைச் சிறிதாக்க ஆரம்பித்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. முதலில் காலண்டர்க்காரன் ஆரம்பித்தான். பிறகு மாத்திரை கம்பெனி. அப்புறம் செய்தித்தாள்காரன். பேப்பரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் சரியாக இருந்தது. அடுத்த மாம்பழ சீசனுக்குள் இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டியிருந்தது. அதற்கடுத்த சீசனில் கையின் நீளம் போதவில்லை. சாயங்காலமானால் இரண்டு புருவத்துக்கு மேலும் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி வலித்தது. அதற்கு அவர் வெயிலைக் குறை சொன்னார். மண்டியில் புதிதாக மாட்டிய பல்பைக் குறை சொன்னார். ஒருநாள் மனைவி போட்ட காப்பியையும் குறை சொன்னார்.

மனைவி ராமலட்சுமி பள்ளிக்கூட டீச்சர். பல வருஷமாகக் கண்ணாடி போடுகிறவள்.

"ஏனுங்க, காப்பிக்கும் கண்ணுக்கும் என்னங்க சம்பந்தம்? பக்கத்துல சித்தூர் போய் ஒருக்கா கண்ணைக் காட்டீட்டு வந்துருங்க" என்றாள்.

"என்ற கண்ணுக்கு என்ன கேடு? ரோட்டுக்கு அக்கட்டால கரண்ட் கம்பியில ஒரு காக்கா உக்காந்திருக்குது பாரு. அது வாயில என்ன கவ்வியிருக்குதுன்னு சொல்லட்டுமா?"

"காக்கா வாயில இருக்கறதை விடுங்க. உங்க தட்டுல இருக்கறதைச் சொல்லுங்க. நேத்து ரசத்துல கெடந்த கடுகை எறும்புன்னு எடுத்து வீசுனீங்க."

கண்ணாடி போட்டுக்கொண்டு மண்டியில் உட்கார்ந்தால் எவன் மாங்காயைக் கொண்டுவந்து கொட்டுவான் என்பதுதான் அவர் கவலை. கண்ணை வைத்துத் தொழில் செய்கிறவன் கண்ணாடி போடுவது, சமையல்காரன் ஓட்டலில் பார்சல் வாங்குகிற மாதிரி என்று நினைத்தார்.

அந்த வருஷம் சீசன் தொடங்கி முதல் அல்போன்சா மாங்காய் இறங்கிய வாரத்தில் அது நடந்தது. அடுத்த மண்டிக்காரர் சென்னியப்பன், வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். வயது அறுபதை நெருங்குகிறது. அவருக்கும் ஒரு தோப்புக்காரருக்கும் ஒரு பழத்தைப் பற்றித் தகராறு. பழ ஈ குத்தினால் மாங்காயின் தோலில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை விழும். வெளியே வேறு ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே முட்டை இருக்கும், சில நாளில் புழு நெளியும். இந்தப் பழத்தில் குத்து இருக்கிறது என்றார் சென்னியப்பன். இல்லவே இல்லை என்றார் தோப்புக்காரர். இரண்டு பேரும் பஞ்சாயத்துக்குப் பூபதிராஜாவிடம் வந்தார்கள். தெருவே பின்னால் வந்தது.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று சென்னியப்பன் பழத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

உள்ளங்கையில் மஞ்சளாக ஏதோ ஒன்று கலங்கலாகத் தெரிந்தது. மாங்காய் என்று தெரிந்ததே அது மாங்காய் மண்டி என்பதால்தான். பூபதிராஜா கையை நீட்டினார். இன்னும் நீட்டினார். நீட்டுவதற்குக் கை இல்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் பழத்தை ஒரு கவிழ்த்த கிரேட் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்து, தூண் வரைக்கும் போனார். கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். அங்கிருந்து பார்த்தபோது பழம் பளிச்சென்று இருந்தது. காம்புப் பக்கத்துச் சிவப்பு, மூக்கின் வளைவு எல்லாமே கச்சிதம்.

"முதல் தரம்" என்றார்.

"எதுக்குங்க அத்தனை தூரம் போனீங்க?" என்று சென்னியப்பன் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் அத்தனை பேர் முன்னால் வாயில் வந்தது வேறு.

"மாங்காயை எட்ட நின்னு பாக்கோணும். கிட்டப் போனா புள்ளிதான் தெரியும். மாங்கா தெரியாது."

சென்னியப்பன் மெல்லத் தூணருகே வந்து பூபதிராஜாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. மாங்காயை இத்தனை தெளிவாக அவர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. இத்தனை நாளும் மோந்து பார்த்தும், விரலால் அழுத்தியும், மற்றவர்கள் முகத்தைப் பார்த்தும்தான் தரம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தகராறு செய்ததுகூட, பத்துக்கு ஒன்றில் குத்து இருப்பதாகச் சொல்லிவைப்போம் என்ற பழக்கத்தில்தான்.

"அட, ஆமாங்க! நல்லாத் தெரியுதுங்க!" என்றார் அவர். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

மண்டித் தெருவில் நாற்பதைத் தாண்டாத முதலாளி ஒருவர்கூட இல்லை. ஒருவர் பின் ஒருவராகத் தூணருகே வந்து பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராக முகம் மலர்ந்தார்கள். தனக்கு மட்டும்தான் அந்தக் கோளாறு என்று ஆளுக்கு ஆள் மூடி வைத்திருந்தது, இப்போது எல்லாருக்கும் பொதுவான ஒரு ஞானமாக மாறிவிட்டது. அடுத்த வாரமே மண்டிகளில் தரையில் மஞ்சள் பெயின்ட்டில் கோடு போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் பழம். இந்தப் பக்கம் ஆட்கள். பழத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறவனைக் கற்றுக்குட்டி என்றார்கள். தோப்புக்காரர்களுக்கும் இந்த முறை ரொம்பப் பிடித்துப்போயிற்று. எட்ட நின்று பார்க்கிறவனிடம் எதையும் கொட்டிவிட்டுப் போகலாம்.

வயசுப் பையன்கள் சிலர், "அண்ணா, அந்தப் பழத்துல ஓட்டை இருக்குதே" என்று சொல்லிப் பார்த்தார்கள். "வயசானாத்தான் இதெல்லாம் தெரியும் கண்ணு" என்று அவர்களை அடக்கினார்கள். அதில் ஒரு உண்மை இருந்தது. வயதானதால்தான் தெரியவில்லை.

உள்ளூர் கேபிள் டிவியில் பூபதிராஜாவைப் பேட்டி எடுத்தார்கள். அவர் மஞ்சள் கோட்டின் மேல் நின்று, அனுபவம், பொறுமை, முழுமையான பார்வை என்றெல்லாம் பேசினார். பேசப் பேச அவருக்கே நம்பிக்கை வந்தது. சங்கம் அவரைத் தலைவராக்கிப் பொன்னாடை போர்த்தி, கண்ணாடிச் சட்டத்தில் ஒரு வாழ்த்துப் பலகையும் கொடுத்தது. அதை மேடையில் வாசிக்கச் சொன்னபோது, "எழுத்தையெல்லாம் கிட்ட வெச்சுப் பாக்கறது நம்ம முறையில்லீங்களே" என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. பலகையை மண்டியில் மேசைக்கு மேலே மாட்டினார்கள்.

அதில் தவறு இருக்கிறது என்று முதலில் சொன்னது யோகப்பிரியா.

அவள் பக்கத்து ஊர் நல்லேப்பிள்ளிக்காரி. விவசாயம் படித்துவிட்டுக் கொச்சியில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தாள். வெளிநாட்டுக்குப் பழம் எடுக்க வந்தவள், மண்டிக்குள் நுழைந்ததும் பலகையைப் பார்த்தாள்.

"சார், உங்க பேரு பூபதிராஜாதானுங்க?"

"ஆமா அம்மிணி."

"இதுல பூபதிரோஜான்னு போட்டிருக்குதுங்க."

மேசையை ஒட்டி நின்ற சங்கத்துக்காரர்கள் எல்லாரும் பலகையைக் கிட்டத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆகையால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யோகப்பிரியா அதற்குள் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய்க் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மிணி, அம்மிணி! கோட்டுக்கு இக்கட்டால வாங்க" என்று சென்னியப்பன் பதறினார்.

"எதுக்குங்க?"

"இங்க எட்ட நின்னுதான் பாக்கறது. அதுதான் முறை."

"இங்கிருந்து பாத்தா நல்லாத்தான தெரியுதுங்க?" என்று அவள் ஒரு பழத்தை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காம்புக்குக் கீழே நகத்தை வைத்து, "இதுல ஈ குத்தியிருக்குதுங்க" என்றாள். இன்னொன்றை எடுத்தாள். "இதுலயும்." மூன்றாவதை எடுக்காமலே, "இது எல்லாம் முதல் தரம்னு யாருங்க பிரிச்சது?" என்று கேட்டாள்.

தெரு முழுக்கப் பூபதிராஜாவைப் பார்த்தது. அவர் பழத்தை வாங்கினார். கையை நீட்டிப் பிடித்தார். மஞ்சள் கலங்கலைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"பழம் நல்லாத்தான் இருக்குது அம்மிணி. நீங்க சின்ன வயசு. புள்ளியைப் பாக்கறீங்க, பழத்தைப் பாக்க மாட்டீங்கறீங்க."

யோகப்பிரியா பையிலிருந்து கத்தியை எடுத்துப் பழத்தை இரண்டாக அறுத்தாள். ஒரு பாதியை அவர் கையில் வைத்தாள்.

அவருக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு உள்ளங்கையில் ஏதோ ஊர்ந்தது. இன்னொன்று ஊர்ந்தது. ஒன்று விரலிடுக்கில் புகுந்து நெளிந்தது. உடம்பு கூசிப்போய்ப் பழத்தைக் கீழே போட்டார். கண்ணால் காணாததைத் தோலால் கண்டுகொண்ட அந்த நேரத்தில், தலையில் பொன்னாடை போர்த்தி அதன் மேல் யாரோ தண்ணீர் ஊற்றியது போல இருந்தது அவருக்கு.

"ஒரு பழத்தை வெச்சு முடிவு பண்ணக் கூடாதுங்க" என்றார் சென்னியப்பன். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். யோகப்பிரியா கும்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கு இல்லை என்று அன்று மாலை சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். தலைவர் என்ற முறையில் பூபதிராஜா அதில் கையெழுத்துப் போட்டார். எங்கே போடவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் அவர் தன் ஜீப்பை எடுக்கவில்லை. ஜீப்பைக் கண்டால் சித்தூரிலும் ஆள் அடையாளம் தெரிந்துவிடும் என்று பஸ்ஸில் போனார். ஆஸ்பத்திரி ரோட்டைத் தாண்டி ஒரு சின்னக் கண்ணாடிக் கடை. கண் பரிசோதிக்கிறவள் ஷிஜி என்று ஒரு பெண். இடுக்கித் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள், கண் பரிசோதனைப் படிப்புப் படித்துவிட்டு வேலைக்காக மலையிலிருந்து கீழே இறங்கி வந்தவள்.

"சொல்லுங்க சார், என்ன செய்யுது?"

"எனக்கு ஒண்ணும் செய்யலீங்க. ஊட்ல சொன்னாங்கன்னு வந்தேன். தூரத்துல எல்லாம் பளிச்சுனு தெரியுது. கிட்டத்துல இருக்கறதெல்லாந்தான் சரியில்ல."

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, கனமான ஒரு சட்டத்தை மூக்கின் மேல் மாட்டி, ஒவ்வொரு கண்ணாடிச் சில்லாக மாற்றி மாற்றிப் போட்டாள். சுவரில் இருந்த எழுத்துக்களைப் படிக்கச் சொன்னாள். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். கடைசியில், "சார், உங்களுக்கு எட்டப் பார்வை" என்றாள்.

பூபதிராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா! அதேதானுங்க! என்ற முறையே அதுதானுங்க!"

"இது முறை இல்ல சார், குறை."

அவர் நிமிர்த்திய நெஞ்சை இறக்கிக்கொண்டார்.

ஷிஜி மேசையிலிருந்து நடுவில் தடித்த ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்தாள். ஒரு வெள்ளைத் தாளைச் சுவரோரமாகப் பிடித்து, ஜன்னலுக்கும் தாளுக்கும் நடுவில் சில்லைக் காட்டினாள். தாளில் வெறும் வெளிச்சம் பரவலாக விழுந்தது. சில்லைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தினாள். திடீரென்று தாளில் ஜன்னல் தெரிந்தது. கம்பிகள், வெளியே நிற்கிற தென்னை, ரோட்டில் போகிற ஆட்டோ, எல்லாம் தலைகீழாக, குட்டியாக, துல்லியமாக.

"நம்ம கண்ணுக்குள்ளயும் இப்படித்தான் சார். முன்னால ஒரு லென்ஸ், பின்னால ஒரு திரை. உங்க கண்ணு கொஞ்சம் குட்டை. அதனால வெளிச்சம் திரைக்கு வந்து சேர்றதுக்குள்ள ஒண்ணு கூட மாட்டேங்குது. திரைக்குப் பின்னால போய்த்தான் கூடும்னு நிக்குது." அவள் தாளைச் சில்லுக்குக் கிட்டே கொண்டுபோனாள். ஜன்னல் கலங்கிப்போய் வெறும் வெளிச்சமானது. "கிட்டத்துல இருக்க சாமானுக்கு இன்னும் மோசம். இப்படித்தான் தெரியும்."

"சின்ன வயசுல எல்லாம் நல்லாத்தான தெரிஞ்சுது?"

"தெரியும் சார். உள்ள இருக்க லென்சு அப்ப இளசு. உள்ளுக்குள்ள ஒரு சின்னத் தசை அதை நெருக்கித் தடிப்பாக்கி எப்படியோ சரிக்கட்டிரும். இப்ப லென்சு இறுகிப்போச்சு. அந்தத் தசை பொழுதன்னைக்கும் மல்லுக்கட்டுது. சாயங்காலம் தலை வலிக்குமே?"

"காப்பியினாலன்னு நெனச்சேங்க."

"காப்பி பாவம் சார்" என்றாள் ஷிஜி. இப்போதுதான் சிரித்தாள். "நடுவுல தடிச்ச கண்ணாடிய முன்னால வச்சுக்கிட்டா, வெளிச்சத்தை அதுவே கொஞ்சம் மடக்கி விட்டுரும். சரியா திரையில வந்து விழுந்துரும். அவ்வளவுதான். மேல் பாதியில தூரத்துக்கு, கீழ்ப் பாதியில கிட்டத்துக்கு. இப்பக் கையைப் பாருங்க."

சட்டத்தில் சரியான சில்லைப் போட்டிருந்தாள். பூபதிராஜா தன் கையைப் பார்த்தார். ரேகைகள் தனித்தனியாகத் தெரிந்தன. காம்பில் வடிகிற மாம்பால் பட்டு வெந்துபோன தழும்புகள், நகத்துக்குள் கறுப்பு அழுக்கு, கட்டைவிரலில் எப்போதோ ஏறி எடுக்காமலே விட்ட மரச் சிலாம்பு. இத்தனையும் அவர் கூடவே இருந்திருக்கின்றன. வெகுநேரம் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷிஜி அவசரப்படுத்தவில்லை.

கண்ணாடி தயாராகி வந்த அன்று, கடைக்கு வெளியே வந்ததும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் மாட்டினார். ராமலட்சுமி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் போய் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். காதோரம் வெள்ளை முடி. மேலுதட்டுக்கு மேல் குட்டியாக ஒரு மச்சம்.

"இந்த மச்சம் எப்ப வந்துது?"

"பொறக்கறப்பவே. பொண்ணு பாக்க வந்தப்ப அதைப் பத்தித்தான் பேசுனீங்க."

"உனக்கு இத்தனை நரைச்சிருக்குதா?"

"அதுக்குத்தான் கண்ணாடி போட வேண்டாம்னு நானும் கொஞ்சம் விட்டுப் புடிச்சேன்" என்றாள் அவள், தலை நிமிராமல்.

அவர் மண்டியிலிருந்து ஒரு பை நிறையப் பழம் கொண்டுவந்திருந்தார். எல்லாமே தானே எட்ட நின்று முதல் தரம் என்று பிரித்தவை. சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். துளை. துளை. தழும்பு. துளை. நல்ல பழத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ராமலட்சுமி பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் முகம் கறுத்துப் போயிருந்தது.

"இதையெல்லாம் நம்மளை நம்பி வாங்கித் தின்னிருப்பாங்க" என்றார். அவள் எழுந்துபோய்க் கழிவுப் பழத்துக்கு ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் காலை அவர் கண்ணாடியோடு மண்டிக்குப் போனார். கோட்டைத் தாண்டிப் போய்க் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பழத்தைக் கையில் எடுத்தார். செய்தி தெருவில் பரவ நேரமாகவில்லை. சென்னியப்பன் துக்கம் விசாரிக்க வருகிற முகத்தோடு வந்தார்.

"ஐயோ, என்னாச்சுங்க? கண்ணு போயிருச்சுங்களா?"

"போன கண்ணு இப்பத்தான் வந்திருக்குது."

அன்று மாலையே சங்கம் கூடியது. பூபதிராஜா எழுந்து நின்று உள்ளதை உள்ளபடி சொன்னார். "எனக்குக் கிட்டத்துல இருக்கறது தெரியலீங்க. அதனாலதான் பின்னால நடந்தேன். கூட்டத்துல கேட்டதும் வாய்க்கு வந்ததைச் சொல்லீட்டேன். முறையுமில்ல, ஒண்ணுமில்ல. கோட்டை அழிச்சுப் போடலாமுங்க."

உடனே ஒருவர் எழுந்து, "இதுதானுங்க பெரிய மனுசங்க தன்மை. தன்னைத்தானே தாழ்த்திச் சொல்றாரு பாருங்க" என்றார்.

"தாழ்த்தலீங்க, நெசமாலும் தெரியல!"

"கண்ணாடி போட்டதுலருந்துதானுங்க இப்புடிப் பேசறாரு" என்றார் சென்னியப்பன். "புள்ளி புள்ளியாப் பாத்துப் பாத்து மனசு அதுலயே சிக்கிருச்சு. தலைவர்னா முழுசாப் பாக்கோணும்."

அதன்பின் காரியங்கள் வேகமாக நடந்தன. கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாதவர் பார்வைக்குப் பேர்போன ஒரு சங்கத்துக்குத் தலைவராக இருப்பது சரியில்லை என்று எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். சென்னியப்பன் தலைவரானார். அவர் செய்த முதல் காரியம், கோட்டை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டது. பழைய கோட்டிலிருந்து பார்த்தால் அவருக்கு அவ்வளவு தெளிவில்லை.

பூபதிராஜா தன் மண்டியில் இருந்த கோட்டை மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்து அழித்தார். ஆரம்பத்தில் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் பழத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறார் என்று தெரிந்ததும் பாதித் தோப்புக்காரர்கள் லோடை அடுத்த மண்டிக்குத் திருப்பினார்கள். வாசல் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு. அவமானமாக இருந்தது, ஆனால் தலைவலி இல்லை. யோகப்பிரியாவுக்குத் தானே போன் செய்து, "அம்மிணி, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். அவள் வந்தாள். இருவரும் குவியலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பழத்தைப் பிரித்தார்கள். அவர் கழித்ததில் ஒன்றை அவள் எடுத்துப் பார்த்து, "இது மாம்பால் பட்ட கறைதானுங்க, குத்து இல்ல" என்றாள். அவர் வாங்கிப் பார்த்து, ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். அவளுடைய கம்பெனி அந்தத் தெருவில் அவரிடம் மட்டும் பழம் எடுக்க ஆரம்பித்தது.

அதற்கப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராக, ஆளில்லாத நேரம் பார்த்து, பூபதிராஜாவின் மண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். "வாட்சப்புல மருமகன் ஏதோ அனுப்பிச்சிருக்கான். ஒருக்கா அந்தக் கண்ணாடியைக் குடுங்களேன்." "மாத்திரையில தேதி போட்டிருக்குதான்னு பாக்கோணும், ஒரு நிமிசம்." அவரும் கொடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தவர்கள், போனை விட்டுவிட்டுத் தங்கள் கையைப் பார்த்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர், "இது என்ற கண்ணுக்குப் போட்டதுங்க, உங்களுக்கு வேற அளவு வரும். சித்தூர்ல ஷிஜின்னு ஒரு பொண்ணு இருக்குது" என்று மட்டும் சொல்லுவார். "எனக்கு எதுக்குங்க?" என்று அவர்கள் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

கண்ணாடியின் காது வளைவு ஒரு பக்கம் உறுத்துகிறது என்று ஒரு செவ்வாய்க்கிழமை அவர் சித்தூருக்குப் போனார். கடைக்குள் நுழைந்தால், காத்திருக்கிற பெஞ்சியில் சங்கத்தின் பாதி நிர்வாகம் உட்கார்ந்திருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பொருளாளர் சுவரில் இருந்த விளம்பரப் படத்தை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். பெஞ்சியின் கோடியில், துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஒருவர்.

"சென்னியப்பண்ணா?"

முக்காடு மெதுவாகத் திரும்பியது. "நானு இங்க வேற வேலையா வந்தனுங்க. வெயிலு. சித்த உக்காரலாமுன்னு."

அப்போது உள்ளேயிருந்து ஷிஜி திரையை விலக்கி, "சென்னியப்பன் சார், உள்ள வாங்க. போன வாரம் எடுத்த அளவுக்குக் கண்ணாடி வந்துருச்சு" என்றாள்.

பெஞ்சியில் யாரோ இருமினார்கள். சென்னியப்பன் எழுந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு சங்கத் தலைவருக்கு உரிய நடையில் உள்ளே போனார். திரும்பி வரும்போது மூக்கின் மேல் கண்ணாடி இருந்தது. வெளியே வந்தவர், பெஞ்சியில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் கிட்டப் போய் நின்று பார்த்தார்.

"அட, எல்லாருக்கும் வயசாயிப் போச்சே" என்றார். குரலில் கேலி இல்லை, நிஜமான அதிர்ச்சி.

பூபதிராஜா அவரைத் தன்னோடு பஸ்ஸில் அழைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் சென்னியப்பன் டிக்கெட்டின் பின்பக்கம் இருந்ததைக்கூட விடாமல் படித்தார். மண்டித் தெருவில் இறங்கியதும் நேராகத் தன் மண்டிக்குப் போய், மஞ்சள் கோட்டைத் தாண்டி, குவியலிலிருந்து ஒரு பழத்தை எடுத்தார். திருப்பினார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர் அந்தப் பழத்தைக் கழிவுக் கூடையில் போட்டார். இன்னொன்றையும் போட்டார். குவியலைக் கொண்டுவந்து கொட்டிய தோப்புக்காரர் முகம் வெளுத்தது.

"என்னங்க, காலையில முதல் தரம்னு சொன்னீங்களே?"

சென்னியப்பன் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பூபதிராஜாவையும் பார்த்தார்.

"அப்பவே எட்ட இருந்து பாத்தப்பவே சந்தேகம் வந்துது" என்று சொல்லிவிட்டு, அடுத்த பழத்துக்குக் கையை நீட்டினார்.